ஒன்பது புளியங்கொட்டை

சுகந்தி, ரூபன், இது உங்கள் இரண்டு பேருக்கும்.

போன சித்திரை விடுமுறையில் வான் பிடித்துப் பாசிக்குடாவுக்குப் போனோமே, அன்றைக்கு ரூபன் என்னைப் பகிடி பண்ணினான். "அப்பா, வான்ல ஏறக்குள்ளயும் பொக்கற்றுக்குள்ள கைய விடுறீங்க, இறங்கக்குள்ளயும் விடுறீங்க. என்ன கிடக்கு உள்ளுக்கு?" என்றான். சுகந்தி கையை விட்டு அள்ளியெடுத்தாள். எட்டுப் புளியங்கொட்டை. "அப்பாவையும் சேத்து நாங்க ஏழு பேர்தானே, இதென்ன எட்டு?" என்று கேட்டாள். "மற்றது வான் ஓட்டுற தம்பிக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அந்தத் தம்பியும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். ஆனால் சாரதிக்கு ஒரு கொட்டை, எனக்கு ஒரு கொட்டை என்று நான் போடத் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களுக்கு அதைச் சொன்னதில்லை. மாங்கேணி மாமியிடம் போய், பிள்ளைகளுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதன் தம்பி. ஆனா என்னை அழுமூஞ்சி மாதிரி எழுதிப்போடாத" என்றார். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

ஊர் காட்டும் வேலையை நான் படித்துப் பெறவில்லை. புளியந்தீவில் ஆற்றோரம் இருந்த விடுதியில் அறை கூட்டப் போனவன். அங்கிருந்த வழிகாட்டி காய்ச்சலில் படுத்த ஒரு நாள், விடுதியை நடத்திய நோறின் மிஸ் என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "செல்வம், நீ போ மேன்" என்றார். அவ்வளவுதான் என் நியமனம். ஆங்கிலத்தை வந்தவர்களிடமே கற்றேன். ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காட்டி முடிக்க எட்டு நிமிடம் போதும். பிறகு இரண்டு மணித்தியாலமும் போதாமல் போனது.

நோறின் மிஸ் பறங்கிக் குடும்பத்தவர். எப்போதும் பூப்போட்ட கவுன், காலில் ஆண்கள் போடும் சப்பாத்து. முன் வராந்தாவில் பிரம்புக் கதிரையில் இருந்துகொண்டு நாங்கள் புறப்படுவதைப் பார்ப்பார், திரும்புவதையும் பார்ப்பார். அவருக்குச் சில முறைகள் இருந்தன. ஆட்களைக் கூட்டிப்போகும் வழியை அதற்கு முதல்நாள் அதே நேரத்தில் தனியே நடந்து பார்க்க வேண்டும். எந்த மூலையில் நிழல் விழுகிறது, எந்த வீட்டு நாய் கட்டியிருக்கிறது என்று வந்து சொல்ல வேண்டும். ஆற்றைக் காட்டும்போது வந்தவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. "நீ வாயைத் திறக்க முதல் அவங்க கண்ணைத் திறக்கட்டும் மேன்" என்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய முறை எண்ணிக்கை. ஒவ்வொரு இடத்திலும் புறப்படுமுன் தலைகளை எண்ண வேண்டும். நாங்கள் திரும்பி வந்து படியில் கால் வைத்ததும், வணக்கம் இல்லை, எப்படிப் போனது என்று இல்லை, ஒரே கேள்விதான்: "எத்தினை?"

"ஆறு மிஸ். ஆறும் வந்தாச்சு" என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்.

இனி நல்லதம்பி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாங்கேணிக்காரர். கடலுக்குப் போனவர். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை போட்டதும் பட்டணத்துக்கு வந்து விடுதியின் என்ஜின் வள்ளத்தை ஓட்டத் தொடங்கினார். மாதத்துக்கு ஒரு தரம் வீட்டுக்குப் போய் வருவார். வள்ளத்தின் பின் அணியத்தில், என்ஜின் பிடியில் கை வைத்து, காது கேட்காதவர் மாதிரி இருப்பார். வந்தவர்கள் அவரைப் படம் எடுப்பார்கள். ஒருவரும் பேர் கேட்பதில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

முதல் வாரம் இறங்குதுறையில் நின்று நான் விரலை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தவர்களை எண்ணினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆக்களை விரலால சுட்டி எண்ணுறயா? ஆட்டுப்பட்டியா இது? கூடாது தம்பி."

"மிஸ் எண்ணச் சொல்லுறாவே அண்ணன்."

"எண்ணு. ஆனா ஆக்களை எண்ணாத."

இறங்குதுறைக்கு மேலே பெரிய புளியமரம் நிற்கிறது. அதன் கீழே குனிந்து ஒரு பிடி கொட்டை பொறுக்கினார். எத்தனை பேரோ அத்தனை கொட்டையைக் காலையில் காற்சட்டையின் இடப்பக்கப் பையில் போட வேண்டும். ஒவ்வொருவரும் வள்ளத்தில் ஏற ஏற ஒவ்வொன்றாக வலப்பக்கப் பைக்கு மாற்ற வேண்டும். இடப்பை வெறுமையானால் எல்லோரும் வந்தாயிற்று. அடுத்த இடத்துக்கு முன் எல்லாவற்றையும் மறுபடி இடப்பையில் போட வேண்டும். விரலும் நீளாது, வாயும் அசையாது, கணக்கும் பிழைக்காது. மிஸ்ஸுக்கும் இந்த முறை பிடித்துப்போனது.

அன்று ஐந்து பேர். ஐந்து கொட்டையைப் பையில் போட்டேன். "எனக்கு ஒண்டு போடல்லையா?" என்று அண்ணன் கேட்டார்.

"நீங்க எங்க அண்ணன் போகப்போறீங்க?" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு பல வருடம் அது எங்களுக்குள் ஒரு பகிடியாக ஓடியது. காலையில் வள்ளத்தைக் கிட்டக் கொண்டுவரும்போது, "இண்டைக்காவது எனக்கு ஒண்டு கிடக்கா?" என்பார். "இல்லண்ணன், மரம் காய்க்கல்ல" என்பேன். மரம் நிறையக் காய்த்துக் கிடக்கும்.

அந்த நாட்களில் தினமும் ஏதாவது நடக்கும். கோட்டைக்குள்தான் கச்சேரி. அரசாங்க அலுவலுக்கு வந்த சனம் மனுக்களோடு நிரையாக நிற்கும். ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவரைக் கூட்டிப்போனேன். நிரையில் நின்ற ஒரு முதியவர் இவர்தான் பெரிய அதிகாரி என்று நினைத்து மனுவை நீட்டினார். வெள்ளைக்காரர் இது ஏதோ வருகைப் புத்தகம் என்று எண்ணி, அழகாகக் கையெழுத்து வைத்து, கீழே வாழ்த்தும் எழுதிக் கொடுத்துவிட்டார். முதியவர் கும்பிட்டுக்கொண்டு போய்விட்டார். நான் ஓடிப்போய் அவரைப் பிடித்து, விளங்கப்படுத்தி, புதிதாக மனு எழுதிக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. இதை வள்ளத்துக்கு வந்து சொன்னபோது நல்லதம்பி அண்ணன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "விட்டிருக்கலாம். அதிலதான் அலுவல் சுறுக்கா முடிஞ்சிருக்கும்" என்றார்.

நிலா இரவில் எங்கள் ஆற்றில் பாடும் மீனைக் கேட்க வந்த ஒருவர் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காது வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் பொய் என்று சத்தம் போட்டார். பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது: "இண்டைக்கு மீனுக்குத் தொண்டை கட்டிட்டு எண்டு சொல்லு." அப்படியே மொழிபெயர்த்தேன். சத்தம் போட்டவர் வள்ளம் ஆடும்படி சிரித்தார்.

புத்தகங்களில் அது வாவி. எங்கள் வாயில் எப்போதும் ஆறுதான். காலை ஆறரை மணிக்கு அந்த ஆற்றில், என்ஜினை நிறுத்திவிட்டு, வந்தவர்கள் பார்க்கட்டும் என்று நாங்கள் இருவரும் பேசாமல் இருந்த நேரங்கள் இருக்கின்றனவே, அவை எனக்கு இன்னும் வேண்டும். இப்போது வருகிறவர்களுக்குக் கைத்தொலைபேசியே எல்லாம் சொல்லிவிடுகிறது. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. நல்லதாகத்தான் சொல்கிறது. ஆனால் பின் அணியத்திலிருந்து வரும் அந்தக் குரல் அதில் வராது.

சமாதானம் பேசிய அந்த இரண்டு மூன்று வருடம் நிறையப் பேர் வந்தார்கள். அதில் மூன்றாவது வருடம், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு, பூரணை. மீன் கேட்கவென்று ஒன்பது பேர் வந்து தங்கியிருந்தார்கள். மீன் பொழுதுபட்ட பிறகுதானே, காலையில் கடலைக் காட்டு என்றார்கள். ஒன்பது கொட்டை போட்டுக்கொண்டு ஏழரை மணிக்கு ஆற்றைக் கடந்து நாவலடிக்குப் போனோம். நாவலடி என்றால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். அந்த மணலில் நிறைய வீடுகள் அப்போது இருந்தன. நல்லதம்பி அண்ணன் ஆற்றுப்பக்கம் வள்ளத்தோடு நின்றார். நாங்கள் கடற்கரைக்கு நடந்தோம்.

ஒன்பது மணியளவில் கடல் எழும்பி முழங்கால் அளவுக்கு வீதிக்கு வந்தது. சனம் "கடல் வருது, கடல் வருது" என்று ஓடியது. வெளிநாட்டில் இருந்த ஒருவர் கட்டிக்கொண்டிருந்த வீடு ஒன்று கிட்ட நின்றது. மேலே கொங்கிறீற்றுத் தட்டு, படியும் கட்டி முடிந்திருந்தது. எல்லோரையும் அதில் ஏற்றினேன். கைத்தடியோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவால் ஏற முடியவில்லை. எங்கிருந்து ஓடி வந்தாரோ தெரியாது, நல்லதம்பி அண்ணன் அந்த அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு மேலே வந்து இறக்கிவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. ஆற்றுப்பக்கம் பார்த்தார்.

"வள்ளம் அவிண்டு போகப்போகுது தம்பி. கட்டிப்போட்டு வாறன்."

"ஓம் அண்ணன்" என்றேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என் கை பைக்குள் இருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு தலைக்கு ஒரு கொட்டையாக இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றினேன். ஒன்பது. நம்பிக்கையில்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஒன்பதுதான். இடப்பை வெறுமை. "எல்லாரும் இருக்கிறீர்கள், ஒருவரும் குறையவில்லை" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். அவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, பிள்ளைகளே. அந்தப் பெருமைதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

கைத்தடி அம்மா என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். "என்னைத் தூக்கி வந்தவர் எங்கே?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டுப் படலையிலிருந்து சந்திக் கோயில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், ஆற்றங்கரையில், கயிறு கையிலிருக்க, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். "அண்ணன்!" என்று கத்தினேன். அந்த நேரம் கடற்பக்கத்திலிருந்து இரண்டாவது தண்ணீர் வந்துவிட்டது. முதல் வந்தது மாதிரி இல்லை அது. சுவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் தட்டின் விளிம்பு வரைக்கும் வந்தது. பிறகு நான் பார்த்தபோது ஆற்றங்கரையில் வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. வீடுகளும் இல்லை.

அவர் படியிறங்கியதிலிருந்து அந்தத் தண்ணீர் வரும்வரை, ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் இரண்டு முறை எண்ணினேன். பத்தாவதாக ஒரு கொட்டை இருந்திருந்தால் இடப்பையில் மிஞ்சி விரலில் பட்டிருக்கும். பட்டிருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன். வள்ளம் போனால் போகட்டும், வாங்க என்று சொல்லியிருப்பேன். விடுதியின் கணக்கில் வந்தவர்கள்தான் ஆட்கள். நாங்கள் வேலைக்காரர், எண்ணிக்கையில் இல்லை. நோறின் மிஸ் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. நானும் அப்படி நினைத்துச் செய்ததில்லை. அது அப்படித்தான் இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு யாரோ தோணிகளில் எங்களைக் கரை சேர்த்தார்கள். மிஸ் இறங்குதுறையில் நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. எங்களைத் தாண்டி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். மேசையில் தேநீர்க் கோப்பைகள் காலையிலிருந்து கவிழ்த்தபடி இருந்தன. நல்லதம்பி அண்ணன் எப்போதும் இறங்குதுறைப் படியில் இருந்துகொண்டு எனாமல் குவளையில் குடிப்பார், மேசைக்கு வருவதில்லை. இரண்டு நாள் கழித்து மிஸ் அந்தக் கோப்பைகளை அலுமாரியில் எடுத்து வைக்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நானும் ஒம்பதுதான் வைக்கச் சொன்னன் செல்வம்."

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள் என்று ஒன்றும் விடாமல் தேடினேன். அவர் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

அவருடைய மனைவி பூரணம் அக்கா, நீங்கள் மாங்கேணி மாமி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கிரானில் தங்கை வீட்டு வயலுக்குக் களை பிடுங்கப் போயிருந்ததால் தப்பினார். மாங்கேணி வீட்டையும் கடல் கொண்டுபோய்விட்டது. கிரானுக்குப் போய் நான்தான் அவரிடம் சொன்னேன். ஒரு அம்மாவைத் தூக்கி ஏற்றினார், வள்ளத்தைக் கட்டப் போனார், தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவும் உண்மை. ஆனால் பாதிதான் சொன்னேன். எண்ணியதைச் சொல்லவில்லை.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. மாங்கேணி, வாகரைப் பக்கத்துச் சனமெல்லாம் காட்டு வழியாக நடந்து வந்து முகாம்களில் இருந்தது. மாங்கேணிக்குத் திரும்பிப் போயிருந்த பூரணம் அக்காவும் அவர்களோடு வந்து ஒரு கூடாரத்தில் இருந்தார். அரிசியோ உடுப்போ கொண்டுபோகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, மறுபடி ஏறி, அவர் முகத்தைக் கண்டதும் கொண்டுபோனதை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். "தம்பி, அவர் வந்தா இந்தக் கூடாரத்தை எப்பிடிக் கண்டுபிடிப்பார்?" என்று ஒருநாள் கேட்டார்.

இந்த வேலையில் உங்களுக்குக் கடினமான நாள் எது என்று சுகந்தி ஒருமுறை கேட்டாள். சுனாமி நாள் என்று நினைத்திருப்பாள். அது இல்லை, மகள்.

சண்டை முடிந்து அடுத்த வருடம், வெயில் காலம். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்துகொண்டிருந்த நேரம். ஒரு காலை பூரணம் அக்கா விடுதிக்கு வந்து கதிரையில் இருந்தார். மடியில் மிஸ்ஸுக்குக் கொண்டுவந்த கருவாட்டுப் பை.

"தம்பி, எனக்கு ஊர் சுத்திக் காட்டு."

"பகிடியா அக்கா?"

"பகிடியில்ல. அந்த மனிசன் இவ்வளவு காலம் இஞ்ச வேலை செஞ்சது. நான் ஆஸ்பத்திரிக்குத் தவிர டவுனுக்கு வந்ததில்ல. வெள்ளக்காரனுக்குக் காட்டுறதெல்லாம் எனக்கும் காட்டு. ஒண்டும் விடப்படாது."

உள்ளேயிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது: "முறையாக் கூட்டிட்டுப் போ செல்வம். சப்பாத்தைப் போடு மேன்."

சப்பாத்தைப் போட்டேன். பழக்கத்தில் ஒரு கொட்டையை இடப்பையில் போட்டேன்.

கோட்டைக்குப் போனோம். நான் வழக்கம்போலத் தொடங்கினேன், யார் கட்டினார்கள், யார் பிடித்தார்கள் என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கிடக்கட்டும். மனுவில வெள்ளக்காரன் கையெழுத்து வெச்சது எவ்விடத்தில?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டினேன். நிரை நிற்கும் இடத்தைப் பார்த்து அக்கா சிரித்தார். பிறகு, "அணில் குடியிருக்கிற பீரங்கி எது?" என்று கேட்டார்.

"அணிலா?"

"ஓம். ரெண்டு பீரங்கி கிடக்காம். ஒண்டுக்குள்ள அணில் தும்பு சேத்து வெச்சிருக்காம். நீங்க உள்ளுக்கு நிக்கக்குள்ள அவர் அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கிற."

அந்தப் பீரங்கியை எத்தனை வருடமாகக் காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அன்றைக்குக் குனிந்தேன். உள்ளே தும்பும் காய்ந்த புல்லும் கிடந்தன. அக்காவும் குனிந்து பார்த்தார். "பொய் சொல்லல்ல மனிசன்" என்றார்.

ஒவ்வொரு இடத்திலும் இப்படித்தான். நான் வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிடுவார். தொண்டை கட்டிய மீன், மிஸ்ஸின் சப்பாத்து, என்னுடைய ஆரம்ப கால ஆங்கிலம், எல்லாம் தெரிந்திருந்தது. பின் அணியத்தில் காது கேட்காதவர் மாதிரி இருந்த மனிதர் ஒரு சொல் விடாமல் மாங்கேணிக்குக் கொண்டுபோயிருக்கிறார். "எண்ட தம்பி கதைச்சா, கல்லும் திரும்பிப் பாக்கும் எண்டு சொல்லுவார்" என்றார் அக்கா. அவர் உயிரோடு இருந்தபோது என்னை ஒரு தரமும் புகழ்ந்ததில்லை. அதைக் கேட்ட பிறகு என்னால் அந்தப் பாதியை உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

வள்ளத்தில் ஏற மாட்டேன் என்று அக்கா சொன்னதால் ஓட்டோவில் பழைய இரும்புப் பாலம் தாண்டி நாவலடிக்குப் போனோம். நானும் அந்த நாளுக்குப் பிறகு ஆற்று வழியாக அங்கே போனதில்லை. வந்தவர்களை வீதியாலேயே கூட்டிப்போவேன். அந்தக் கொங்கிறீற்றுத் தட்டு அப்படியே நின்றது. படியில் புல்பூண்டு முளைத்திருந்தது.

"வள்ளம் எங்க கட்டியிருந்த?"

காட்டினேன்.

"நீ எங்க நிண்ட?"

மேலே காட்டினேன். பிறகு நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது கொட்டை, இரண்டு முறை எண்ணியது, கைதட்டல், கட்டிப்பிடித்தது. "அவருக்கு நான் கொட்டை போடல்ல அக்கா. அவரை எண்ணல்ல. எண்ணியிருந்தா கூப்பிட்டிருப்பன்."

அக்கா ஆற்றுப்பக்கம் திரும்பினார். நான் அவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்காமல் ஒதுங்கி நின்றேன்.

"இண்டைக்கு எத்தினை போட்டுக்கிட்டு வந்த?" என்று கேட்டார்.

"ஒண்டு. உங்களுக்கு."

"உனக்கு?"

"எனக்குப் போடுறதில்ல அக்கா."

"அண்டைக்கும் போடல்லையா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு பேர் விடுபட்டிருக்கீங்க" என்றார். "ஒருத்தன் வந்துட்டாய்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"கோவமில்லையெண்டு சொல்ல மாட்டன் தம்பி. அது மறுகா வரும், பஸ்சில ஏறின பிறகு. இப்ப மிச்ச இடத்தையும் காட்டு."

மிச்சம் ஒரே இடம்தான். விடுதி இறங்குதுறையில் அவர் தேநீர் குடிக்கும் படி. அக்கா அந்தப் படியில் போய் இருந்தார். நோறின் மிஸ் தேநீர் கொண்டுவந்தார். தட்டில் மூன்று நல்ல கோப்பை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் படியில் இருந்தார். மூன்று பேரும் குடித்தோம்.

மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யன்னலால் தலையை நீட்டி, "மாங்கேணிக்கு வா. கோவம் ஆறியிருந்தா மீன் ஆணம் ஆக்கித் தருவன்" என்றார்.

"ஆறல்லையெண்டா?"

"பச்சத் தண்ணியாவது தருவன்."

ஒரு வருடத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர்தான் கிடைத்தது. பிறகு ஆணம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் நீங்கள் அவரை மாமி என்று கூப்பிடத் தொடங்கினீர்கள்.

பஸ் போன பிறகு நான் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் அம்மாவுக்கும் இதைச் சொன்னதில்லை. இறங்குதுறைக்குத் திரும்பி நடந்தேன். மிஸ் உள்ளே படுத்திருந்தார். புளியமரத்தின் கீழே குனிந்து இரண்டு கொட்டை பொறுக்கி இடப்பையில் போட்டுக்கொண்டேன். விடுதியின் சிறிய தோணியை அவிழ்த்தேன். எனக்குத் துடுப்புப் போட வராது. வாழ்நாள் முழுக்க மற்றவர் ஓட்ட முன்னால் இருந்து கதை சொன்னவன். தோணி வளைந்து வளைந்து போனது. நாவலடிக் கரை சேர வெயில் சாய்ந்துவிட்டது. அவர் கயிற்றோடு நின்ற இடத்தில் தோணியை முட்டவிட்டு, ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம் அங்கே இருந்தேன். பிறகு திருப்பி, அதே மாதிரி வளைந்து வளைந்து ஆற்றைக் கடந்து வந்தேன்.

இறங்குதுறையில் தோணியைக் கட்டினேன். படியில் கால் வைத்ததும் பைக்குள் கையை விட்டேன். முதலில் அவரை வலப்பைக்கு மாற்றினேன். பிறகு என்னை.